கல்லூரிச் சந்திப்புக்கு விமானத்தில் போனால் பழைய ஞாபகம் வருமா?

5 ஜனவரி 2025, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"எங்கள் பேட்ச் இந்தப் பொங்கலுக்குக் கடலூரில் கூடுகிறது. நான் ஐதராபாத்தில் இருக்கிறேன். புதுச்சேரிக்கு நேராக விமானம் விட்டிருக்கிறார்களாம். என் நண்பரோ, 'பிளேன்ல வந்து இறங்கினா ஒரு ஞாபகமும் வராது, பஸ்ஸுல வந்தாத்தான் வரும்' என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள், எதில் வரலாம்?"

5 ஜனவரி, இரவு

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி.

நானும் ஐதராபாத்தில்தான் இருக்கிறேன். ஜீடிமெட்லா பக்கம் மருந்து மூலப்பொருள் கம்பெனியில் வேலை. படித்தது கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, பி.எஸ்சி. வேதியியல், 1995 முதல் 1998 வரை. எங்கள் சந்திப்பும் இதே பொங்கலுக்குத்தான், 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முதலில் டிசம்பர் 15 என்று வைத்திருந்தோம். நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையில் 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கடலூருக்குள் வந்துவிட்டது. வீட்டுக்குள் சேறு கிடக்கும்போது யார் சந்திப்புக்கு வருவார்கள்? தள்ளி வைத்தோம். அந்த இடைவெளியில், டிசம்பர் 20ஆம் தேதி, இண்டிகோ புதுச்சேரிக்கு விமானம் ஆரம்பித்தது. பெங்களூருவிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து ஐதராபாத், திரும்ப அதே வழி.

நான் டிக்கெட் போட்டுவிட்டேன். போட்ட நாளிலிருந்து மனசு ஒட்டவில்லை. இத்தனை வருடமும் ஊருக்குப் போவது என்றால் சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ், காலையில் சென்னை, பேருந்து நிலையம் முன்பு கோயம்பேடு, இப்போது கிளாம்பாக்கம், அப்புறம் பேருந்து. திண்டிவனம் தாண்டியதும் மடியில் இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், ஆனாலும் மாட்டிக்கொள்வேன். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வரக்கூடாது.

6 ஜனவரி

லக்கேஜ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது ஏ.டி.ஆர். 72, காற்றாடி வைத்த விமானம், 78 இருக்கை. புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டையில் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான், பெரிய ஜெட் விமானத்துக்கு அது பற்றாது. இதில் பின்பக்கக் கதவு வழியாக ஏறவேண்டும். தலைக்கு மேல் பை வைக்கும் பெட்டி சின்னது, பெரிய டிராலியைக் கையில் கொண்டுபோகாதீர்கள். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தரை தெரியும். வலது பக்கம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், எனக்கே இன்னும் உறுதியில்லை.

9 ஜனவரி

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை. பேருந்து என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் ஊர் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் கிராமம். காலையில் பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படிக்கட்டில் பத்து பேர் இருப்பார்கள். பாஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் ஓட்டுநர் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவார். நாங்கள் ஓடுவோம். நோட்டுப் புத்தகத்தை உட்கார்ந்திருக்கும் யாராவது ஓர் அக்கா மடியில் போட்டுவிட்டுத் தொங்குவோம். செம்மண்டலம் வந்ததும் அந்த நோட்டு ஆறு கை மாறி எங்களிடமே திரும்பி வந்துவிடும். மூன்று வருடத்தில் ஒரு நோட்டுகூடத் தொலைந்ததில்லை.

தை, மாசி மாதங்களில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பேருந்து அந்த வரிசையை உரசிக்கொண்டு போகும்போது படியில் நிற்பவன் கையை நீட்டி ஒரு கரும்பை உருவுவான். உருவியது ஒரே கரும்பு, கடிப்பவர்கள் ஏழு பேர். பாகு காய்ச்சும் வாசனை வரக்கால்பட்டு வரைக்கும் கூடவே வரும். முதல் வகுப்புக்குள் நுழையும்போது கையெல்லாம் பிசுக்கென்று ஒட்டும், பேனா வழுக்காது.

பேருந்தை விட்டால் மீட்டர் கேஜ் பாசஞ்சர். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஓடவேண்டும். அந்தப் பாதையை 2006 கடைசியில் மூடி, அகலப்பாதை ஆக்கி 2010இல் திறந்தார்கள். அந்தச் சின்ன ரயில் இப்போது இல்லை.

10 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். என் வகுப்புத் தோழன் ஒருவன், பண்ருட்டிக்காரன், படித்துவிட்டு ஃபோன் போட்டான். "டேய், ஓட்டுநர் தள்ளி நிறுத்தினதை மட்டும் எழுதிட்டே. பரீட்சை நாள்ல நம்ம நிறுத்தத்துல நின்னு, ஆள் வருதான்னு ஹாரன் அடிச்சுக் கூப்பிட்ட டிரைவரை மறந்துட்டியே" என்றான். மறந்துதான் போனேன். காக்கிச் சட்டையின் காலருக்குள் கர்ச்சீப் மடித்து வைத்திருப்பார். வேதியியல் மூன்றாம் தாள் அன்றைக்கு ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தி எனக்காகக் காத்திருந்தவர் அவர். நன்றி மறந்த எழுத்தாகப் போய்விட வேண்டாம் என்று இதைச் சேர்க்கிறேன்.

11 ஜனவரி

வேதியியல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று பதில்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆய்வகத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள்.

எங்கள் ஆய்வகத்துக்குள் போனால் முதலில் வருவது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தயாரிக்கும் கிப்ஸ் கருவியின் அழுகின முட்டை நாற்றம். அதையும் மீறி ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். கல்லூரியிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை நடக்கிற தூரம். நாற்றமும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாசனையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. இங்கே கம்பெனியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கசிந்தால் அலாரம் அடிக்கும், எல்லோரும் வெளியே ஓடுவோம். எனக்கு மட்டும் ஒரு கணம் தேவனாம்பட்டினம் வந்துவிட்டுப் போகும்.

என் ஆய்வக ஜோடி தாழங்குடாக்காரன். பெண்ணையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர் அது. பேர் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டான், அதனால் தாழங்குடாக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் பகுப்பாய்வில், நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கப் பழுப்பு வளையச் சோதனை வரும். சோதனைக் குழாயில் கரைசலும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் எடுத்துக்கொண்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு அடர் கந்தக அமிலத்தை இறக்கவேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் இரண்டும் கலந்துவிடும், வளையம் வராது. வகுப்பில் பாதிப் பேருக்கு வராது. இவன் இறக்கினால் அமிலம் கண்ணாடியில் எறும்பு ஊர்வது போல இறங்கி அடியில் படியும். இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று கிளம்பி அப்படியே நிற்கும். சார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "எப்படிடா வருது உனக்கு?" என்று கேட்டேன். "ராத்திரி வலை பொத்துற கைடா. அவசரப்பட்டா முடிச்சு விழாது" என்றான்.

மூன்றாம் வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தது. அப்பா கால் முறிந்து படுத்திருந்தார். 120 ரூபாய் குறைந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் என்னைத் தாழங்குடாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, எண்ணாமல் என் கையில் வைத்தார். எல்லாம் ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டு. ஈரமாக இருந்தன, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கவுண்டரில் இருந்தவர் நோட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் பரப்பி, காய்ந்த பிறகுதான் ரசீது போட்டார்.

அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

12 ஜனவரி

ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் சம்பளத்தில் கொடுக்க நினைத்தேன், 120 ரூபாயை மணியார்டரில் அனுப்பினால் கணக்குத் தீர்த்தது போல ஆகிவிடுமே என்று விட்டேன். நேரில் போய்க் கொடுக்கலாம் என்று வருடம் போயிற்று. 1999இல் ஐதராபாத் கம்பெனியிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் கடிதம் வந்தது. அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அவன் படகில் ஏறினான், நான் ரயில் ஏறினேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாழங்குடாவும் தேவனாம்பட்டினமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் ஃபோன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் பண்ருட்டிக்காரன்தான் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, வீடுதான் இல்ல" என்றான். அதற்குப் பிறகு 120 ரூபாயை எடுத்துக்கொண்டு எப்படிப் போவது?

சந்திப்புக்கு அவன் வருவதாக இன்னும் சொல்லவில்லை. குழுவில் எல்லோரும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். அவன் பார்த்ததாக மட்டும் காட்டுகிறது.

18 ஜனவரி, இரவு, கடலூர்

வந்து சேர்ந்தேன். முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்கவேண்டும். விமானத்தில் வந்தாலும் ஞாபகம் வருகிறது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் கிளம்பியது. பக்கத்தில் ஒரு பெரியவர், லாசுப்பேட்டையில் வீடு, மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "விமானச் சத்தம் கேட்டா எம் பொஞ்சாதி சாதம் வடிக்க ஆரம்பிப்பா" என்றார். வீடு அவ்வளவு பக்கமாம். காற்றாடி விமானம் என்பதால் உறுமல் ஜாஸ்தி, ஆனால் உயரம் குறைவு. கீழே ஏரி ஏரியாக வந்துகொண்டே இருந்தது. மழை பெய்து ஒரு மாதம்தான் ஆகிறது, எல்லா ஏரியும் தளும்பி வெயிலில் பளபளத்தன. நம் பக்கம் வந்ததும் பெரிய நீர்ப்பரப்பு ஒன்று. ஊசுட்டேரி என்று பெரியவர் சொன்னார். அப்புறம் விமானம் திரும்பியபோது வலது ஜன்னலில் கடல் தெரிந்தது. கரையோரம் ஓர் ஆறு வளைந்து வந்து மணல் திட்டைக் கிழித்துக்கொண்டு கடலில் இறங்கியது. பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. கெடிலம்! அதன் கரையில்தானே எங்கள் கல்லூரி. வலது பக்கம் உட்காருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கையளவு இடத்தில் மூன்று வருடம் அங்கே கிடந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கி நடந்தே நிலையக் கட்டடத்துக்கு வந்துவிடலாம், அவ்வளவு சின்ன நிலையம். அப்புறம்தான் சோதனை. இன்று தை ஐந்து, ஆற்றுத் திருவிழா. நான் சுத்தமாக மறந்துவிட்டேன். கடலூர் பேருந்து அன்று ஏ.எஃப்.டி. திடலிலிருந்து கிளம்பியது. ஏறி உட்கார்ந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரை சரியாகவே வந்தது. முள்ளோடை தாண்டி பெரியகங்கணாங்குப்பத்தில் நின்றது நின்றதுதான். சுற்று வட்டாரத்துச் சாமியெல்லாம் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் பெண்ணையாற்றில் இறங்கிவிட்டுத் திரும்புகின்றன. மேளம், தூசி, பலூன், ராட்டினம். ஐதராபாத்திலிருந்து இங்கே வந்த நேரத்தில் பாதி, இந்தப் பாலத்தைத் தாண்ட ஆயிற்று.

இறங்கி நடந்தேன். சுருளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் திருவிழாவைத் தவிர வேறு நாளில் அது கண்ணில் படாது. அம்மா வாங்கி வருவார், அவித்துத் தோலுரித்தால் மாவாக இருக்கும். வாங்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பையை வைத்துக்கொண்டு தின்றேன். ஆற்று மணலில் டிசம்பர் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரங்கள் இன்னும் கிடக்கின்றன, அதில் ஏறி நின்றுதான் பிள்ளைகள் சாமி பார்த்தார்கள்.

19 ஜனவரி, இரவு

மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபம். 41 பேரில் 26 பேர் வந்தோம். நாலு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு ஆரம்பித்தோம். முதல் அரை மணி நேரம் எல்லோரும் பதவியையும் பிள்ளைகள் படிப்பையும் சொன்னோம். பந்தியில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. "டேய் பட்டாம்பாக்கம், உன் இலையில அப்பளம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் எடுத்துப் போய்விட்டான். 27 வருடம் முன்னாலும் அவன்தான் எடுப்பான்.

சாயங்காலம் எல்லோரும் பீச் ரோட்டில் நடந்தோம். எங்கள் சார் வந்திருந்தார், கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனோம். வேதியியல் சார், ஆனால் ஊர் வரலாறு என்றால் உயிர். புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைக் காட்டி, அன்று வகுப்பில் சொன்னதையே இன்றும் சொன்னார். 1690இல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் கோட்டையை வாங்கினபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறதே, அந்தக் குண்டுதான் இது என்பார். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம், 1752 வரைக்கும். "சென்னைக்கே ஆறு வருஷம் நாமதான்டா தலைமை" என்று சொல்லி அதே சிரிப்பு.

தாழங்குடாக்காரன் வரவில்லை. சார் இரண்டு முறை கேட்டார், "பழுப்பு வளையம் எங்கடா?" என்று.

நாளைக்கு விமானம். தேதியை மாற்றிவிட்டேன். கூடுதல் பணம் கேட்டார்கள், கட்டிவிட்டேன்.

21 ஜனவரி

நேற்று காலை தாழங்குடா போனேன். அதை எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. திண்ணையில் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். டிசம்பர் வெள்ளத்தில் பாதி வலை போய்விட்டது, மீதியைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "உக்காருடா, இந்த முனையப் புடி" என்றான். பிடித்தேன். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். "மண்டபம், சாப்பாடுன்னு தலைக்கு ரெண்டாயிரம் போட்டிருந்தீங்க. இந்த மாசம் இல்ல. இல்லன்னு குழுவுல எழுத முடியல."

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருவன். தலைக்கு 2,000 என்று ஐந்து பேர் ஃபோனில் பேசிப் பத்து நிமிடத்தில் முடிவு செய்தோம். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று ஒருவரும் கேட்கவில்லை. விமானமா பேருந்தா என்று இங்கே இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சந்திப்பு நடக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருப்பவன் எப்படி வருவான் என்று நான் யோசிக்கவே இல்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்தார். "பட்டாம்பாக்கத்துத் தம்பியா? உங்கப்பாருக்குக் கால் சரியாப் போச்சா?" என்று கேட்டார். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சரியாகிவிட்டது அம்மா, என்றேன். அப்புறம் அந்த 120 ரூபாயைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. "எது, மத்தி வித்த காசா?" என்றார். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் கொண்டுபோன கவரைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வலைக்கு நூல் வாங்க அவனும் நானும் கடலூர் முதுநகர் போனோம். அங்கே கடையில் நான் பணம் கொடுத்தேன், அவன் தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. விமானத்திலிருந்து கெடிலத்தைப் பார்த்தேன் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். கையில் இருந்த நூலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "தை மாசம் வாடைக்கொண்டல், வடகிழக்குக் காத்து. காத்துக்கு எதிர்லதான இறக்குவான்? அப்ப மேற்கேயிருந்து வந்து இறங்கியிருப்பே. அந்த உயரத்துல வலது கைப் பக்கம் கிட்ட தெரியுறது சுண்ணாம்பாறுடா. மணல் திட்டு ஒண்ணு நீளமா இருந்துச்சா?" இருந்தது. "அதேதான். நம்ம பெண்ணையாறு அதுக்கும் தெக்க. கெடிலம் இன்னும் தெக்க." விமானத்தில் ஏறாதவன், வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே சொல்லிவிட்டான். 18ஆம் தேதிக் குறிப்பில் கெடிலம் என்று இருப்பதைச் சுண்ணாம்பாறு என்று திருத்திப் படியுங்கள். தொண்டை அடைத்தது உண்மை. அதைத் திருத்தவேண்டாம்.

22 ஜனவரி

எங்கள் குழுவில் எழுதிவிட்டேன். அடுத்த முறை மண்டபம் வேண்டாம், தேவனாம்பட்டினம் மணலில் உட்காரலாம், சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து வரட்டும், தொகை என்று ஒன்று போடவேண்டாம். இரண்டு பேர் மறுத்தார்கள், சார் ஒத்துக்கொண்டார். சார் ஒத்துக்கொண்ட பிறகு யாரும் பேசவில்லை.

2 பிப்ரவரி

விமானத்தில் கருவாடு கொண்டுபோகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அம்மா எனக்கு நெத்திலியும் வாளையும் கட்டிக் கொடுத்தார். கையில் எடுத்துப் போகாமல் செக்-இன் பெட்டியில் வைத்தேன். நன்றாகக் காய்ந்ததாக இருக்கவேண்டும், வாசனை வெளியே வரக்கூடாது. டிக்கெட் எடுத்த நிறுவனத்திடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா முதலில் செய்தித்தாள், அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் பழைய வேட்டித் துண்டு, திரும்ப ஒரு பை, எல்லாவற்றுக்கும் மேல் வலை நூலால் கட்டினார். ஐதராபாத்தில் அந்த முடிச்சை அவிழ்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீடியோ கால் போட்டு, அவன் சொல்லச் சொல்ல அவிழ்த்தேன். நறுக்காமல் அவிழ்த்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

23 மார்ச்

இந்தப் பேச்சை ஆரம்பித்தவர், என்ன முடிவு என்று கேட்கிறார். எதில் வேண்டுமானாலும் வாருங்கள். வந்தால் திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கே போடாதீர்கள், ஒரு நாள் சும்மா விடுங்கள். என்னால் சொல்ல முடிந்தது அதுதான்.

வேறொரு செய்தி. தாழங்குடாக்காரனின் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். எங்கள் பக்கத்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து விமானத்தில் வந்தாள். டிக்கெட் நான் போட்டேன், அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜன்னல், வலது பக்கம். கிளம்பிக் கடலுக்கு மேல் போகும்போது தெற்கே பார்க்கவேண்டும், சுண்ணாம்பாறு, பெண்ணையாறு, கெடிலம், மூன்று முகத்துவாரமும் வரிசையாக இருக்கும் என்று அவள் அப்பா தாளில் படம் போட்டே கொடுத்திருக்கிறான்.

இறங்கியதும் எனக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினாள். "மாமா, ரெண்டுதான் தெரிஞ்சுது. கெடிலம் மேகத்துக்குள்ள இருந்துச்சு. அப்பாகிட்ட மூணும் பாத்தேன்னு சொல்லட்டுமா?"

உள்ளதைச் சொல், அவனுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதினேன்.